போனை வையுங்கள்... வீட்டில் சொல்லுங்கள்!

போலி கஸ்டமர் கேர், போலி டெக் சப்போர்ட் ஆசாமிகள் நம் அறியாமையைவிட அதிகமாக நம்பியிருப்பது நம் மௌனத்தைத்தான். சுனாபட்டியிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

ஹார்பர் லைனில் ஜி.டி.பி. நகரைத் தாண்டினால், குர்லாவுக்கு முன்னால் வருகிற சின்ன ஸ்டேஷன் சுனாபட்டி. ஊரிலிருந்து முதல் முறை வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் "இது என்ன, மதுரைப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கே?" என்பார்கள். மராத்தியில் சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. சுண்ணாம்புச் சூளையால் பெயர் பெற்ற இடம் இது. மும்பையில் ஒருவரை ஏமாற்றிக் காசைப் பறித்துவிட்டால் 'சூனா லகா தியா' என்பார்கள். சுண்ணாம்பு தடவிவிட்டான் என்று பொருள். நம் ஊரில் பட்டை நாமம் போட்டுவிட்டான் என்கிறோமே, அதுதான்.

என் பெரியப்பாவுக்கு அது நடந்தது இந்தச் சுனாபட்டியில்தான்.

பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். கூட்டல் கழித்தலில் ஒரு ரூபாய் பிசகாது. மளிகைக் கடைச் சிட்டையைக்கூட மாதக் கடைசி வரை பத்திரமாக வைத்திருப்பார். ஒருநாள் சாயங்காலம் வீட்டு டிவியில் சேனல் வரவில்லை. காலையில்தான் ரீசார்ஜ் செய்திருந்தார். பணம் போயிருந்தது, படம் வரவில்லை. பெரியம்மா சீரியல் பார்க்கும் நேரம். மொபைலை எடுத்து, கம்பெனி பெயரையும் 'கஸ்டமர் கேர்' என்பதையும் சேர்த்துத் தேடினார். முதலில் வந்த எண்ணை அழுத்தினார்.

எடுத்தவன் முதலில் இந்தியில் பேசினான். பெரியப்பாவின் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். "சார், டென்ஷன் ஆகாதீங்க. உங்க ரீசார்ஜ் சர்வர்ல நிக்குது. ஒரு சின்ன ஆப் அனுப்புறேன், போட்டீங்கன்னா நானே இங்கிருந்து சரி பண்ணிடுவேன்." மும்பையில் தெரியாத எண்ணில் தமிழ்க் குரல் கேட்டால் நமக்கு ஒரு நெகிழ்ச்சி வரும். பெரியப்பா அவன் ஊரைக்கூட விசாரித்திருக்கிறார். அவனும் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறான். ஆப்பை இறக்கியாயிற்று. திரையில் தெரிந்த ஒன்பது இலக்க எண்ணைப் படித்துக் காட்டியாயிற்று. அந்த நொடியிலிருந்து பெரியப்பாவின் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது. "சரிபார்ப்புக்குப் பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்க சார், உடனே திரும்பி வந்துடும்" என்றான். பெரியப்பா யூபிஐ ஆப்பைத் திறந்து பின் நம்பரைத் தட்டினார். அழைப்பைத் துண்டிக்க விடாமல் அவன் பேசிக்கொண்டே இருந்தான். அது முடிவதற்குள் மூன்று குறுஞ்செய்திகள் வந்துவிட்டன. மொத்தம் 62,400 ரூபாய்.

டிவி மறுநாள் தானாக வந்துவிட்டது. பெரியப்பா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து, பெரியம்மாவின் கண் ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பெரியம்மாதான் பேசினாள். "ஏய்யா, காசு போனா போவுது. பதினோரு நாளா இந்த மனுசன் ஒழுங்கா சோறு திங்கல. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ஏன் பெரியப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னன்னுய்யா சொல்ல? நாப்பது பேருக்கு வேலை சொல்லிக் குடுத்தவன், ஒரு பொடிப்பய சொன்னான்னு பொத்தான அமுக்குனேன்னா?"

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மோசடிக்காரன் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். அவனுக்குப் பதினோரு நாள் அவகாசம் கொடுத்தது பெரியப்பாவின் வெட்கம்.

தேடினால் கிடைக்கும் எண் யாருடையது?

'நான் தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டேன்' என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். பெரியப்பாவும் எடுக்கவில்லை, அவரே அழைத்தார். போலி கஸ்டமர் கேர் மோசடியின் பலமே அதுதான். நாமே தேடி, நாமே அழைத்த எண் என்பதால் சந்தேகம் வருவதில்லை.

இணையத்தில் ஓர் எண்ணைப் போட்டுவைப்பது பெரிய வித்தையல்ல. விளம்பரம் கொடுத்தால் தேடலின் முதல் வரியில் வந்து நிற்கும். போலி வலைப்பக்கம் ஒன்றைத் தயாரிக்க ஒரு மணி நேரம் போதும். 2018ல் நம் பக்கத்து ஊரான தானேயில் நடந்ததை மும்பைக்காரர்கள் பலர் மறந்திருப்பார்கள். கூகுள் மேப்பில் கடை, வங்கி, அலுவலகம் எதன் விவரத்தையும் யார் வேண்டுமானாலும் திருத்தப் பரிந்துரைக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்திச் சிலர் பேங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டுத் தங்கள் எண்ணைப் போட்டுவிட்டார்கள். வங்கிக்குப் போன் செய்கிறோம் என்று நினைத்து அழைத்தவர்களிடம் கார்டு விவரங்களைக் கறந்தார்கள். வங்கியே மகாராஷ்டிரா சைபர் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த கட்டம் அந்த ஆப். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை உண்மையில் நல்ல மென்பொருள்கள். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் தூரத்திலிருந்தே சரிசெய்யப் பயன்படுத்துபவை. பூட்டுத் திறப்பவரின் கருவி திருடன் கைக்குப் போன கதைதான். எனிடெஸ்க் வழியாக வாடிக்கையாளர்களின் போனுக்குள் புகுந்து பணம் எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. அந்த ஆப் காட்டும் எண்ணை நாம் படித்துச் சொல்லி, அது கேட்கும் அனுமதிக்கெல்லாம் 'சரி' என்று தட்டிவிட்டால், ஓடிபி வரும்போது அதை யாரும் நம்மிடம் கேட்கவே தேவையில்லை. அவனே பார்த்துக்கொள்வான்.

சிவப்பு எச்சரிக்கையும் 'உங்களுக்கே உரிய' எண்ணும்

இது போனில் நடப்பது. கம்ப்யூட்டரில் நடப்பதற்கு வயது அதிகம். இணையத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாகும், சைரன் ஒலிக்கும். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று வரும். கீழே மைக்ரோசாஃப்ட் சின்னம் இருக்கும். அல்லது போனே வரும்: "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்."

அடுத்து அவர்கள் காட்டும் வித்தையைத் தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். 'இவென்ட் வியூவர்' என்ற பக்கத்தைத் திறக்க வைப்பார்கள். அதில் சிவப்புப் புள்ளியும் மஞ்சள் முக்கோணமுமாக நூற்றுக்கணக்கில் பிழைக் குறிப்புகள் வரிசைகட்டி நிற்கும். "பார்த்தீர்களா, எத்தனை வைரஸ்!" என்பார்கள். அது கம்ப்யூட்டர் தன் போக்கில் எழுதிவைக்கும் நாட்குறிப்பு. பிரின்டர் ஒரு நொடி பதில் சொல்லாவிட்டாலும் அதில் ஒரு வரி ஏறும். நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்பு இருக்கும்.

நம்பாதவர்களுக்கு இன்னொரு வித்தை உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டச் சொல்வார்கள். '888டிசிஏ60' என்று தொடங்கும் நீளமான எண் ஒன்று வரும். "இது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரிய ரகசிய எண். எங்கள் பதிவேட்டில் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று அதே எண்ணை ஒப்பிப்பார்கள். கேட்பவர் அசந்துபோவார். இத்தனை துல்லியமாக எண்ணைச் சொல்பவன் கம்பெனி ஆளாகத்தானே இருக்க முடியும்? உலகத்தில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் அந்த எண் ஒன்றேதான். தாராவியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் டெக்சாஸில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே எண்.

அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய 60 ஆசாமிகளிடம் தாங்களே போன் போட்டுப் பேசி, 2017ல் ஆய்வை வெளியிட்டார்கள். இல்லாத நோய்க்கு அவர்கள் கேட்ட 'வைத்தியச் செலவு' சராசரியாக 290 டாலர். இன்றைக்கு அது சில்லறையாகிவிட்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்குப்படி 2024ல் மட்டும் டெக் சப்போர்ட் மோசடி பற்றி 36,002 புகார்கள் வந்தன. இழப்பு 146 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 60 வயதைத் தாண்டியவர்களின் பணம்.

மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை. அதன் உண்மையான எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருப்பதில்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்தாலே பாதி ஆபத்தைத் தாண்டியாயிற்று.

கம்பியின் மறுமுனை: மீரா ரோடு

மறுமுனையில் இருப்பவன் யார்? மும்பைக்காரர்களான நாம் இந்தக் கேள்வியிலிருந்து ஒதுங்க முடியாது.

2016 அக்டோபர் முதல் வாரம். தானே போலீஸ் மீரா ரோட்டில் சில கட்டடங்களுக்குள் நள்ளிரவில் புகுந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் காதில் ஹெட்போனுடன் அமெரிக்க உச்சரிப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓடியது வைரஸ் கதையல்ல, வருமான வரிக் கதை. "அமெரிக்க வரித்துறையிலிருந்து பேசுகிறோம். உங்களுக்கு வரி பாக்கி இருக்கிறது. அரை மணி நேரத்தில் போலீஸ் வீட்டுக்கு வரும்" என்று மிரட்டி, ஐடியூன்ஸ் பரிசு அட்டைகளை வாங்க வைத்து, அதன் எண்களைப் பறித்தார்கள். 70 பேர் கைதானார்கள், 700 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் இத்தகைய மிரட்டல் அழைப்புகள் பற்றிய புகார்கள் அந்தச் சோதனைக்குப் பிறகு 95 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள பெட்டர் பிசினஸ் பியூரோ சொன்னது. மேற்கு ரயில்வே லைனில் ஒரு புறநகர் ஸ்டேஷன். அங்கிருந்து ஒரு கண்டத்தையே தூங்கவிடாமல் அடித்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தின் தலைவன் என்று போலீஸ் சொன்ன சாகர் தக்கர், 2017 ஏப்ரலில் துபாயிலிருந்து மும்பை விமான நிலையத்தில் இறங்கியபோது கைதானார். அமெரிக்க நீதித்துறை 2016 அக்டோபரிலேயே 56 பேர் மீதும் அகமதாபாத்தின் 5 கால் சென்டர்கள் மீதும் குற்றச்சாட்டு பதிவு செய்திருந்தது. 2018ல் அந்த வழக்கில் சிலருக்கு 20 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது.

மீரா ரோட்டோடு கதை முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் கொடுத்த புகாரின் பேரில் 2018ல் நொய்டா, குருகிராம் பகுதிகளில் போலி டெக் சப்போர்ட் சென்டர்கள் அடுத்தடுத்துச் சோதனைக்குள்ளாயின. 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சிபிஐ நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களும் அதில் அடக்கம். 2024ல் புனே, ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று அது விரிந்தது. ஒரு கடையை மூடினால் இன்னொன்று வேறு தெருவில் திறக்கிறது.

மீரா ரோடு விவகாரத்தில் என்னைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. அங்கே வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் மனம் பொறுக்காமல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்குத் தாங்களே தகவல் கொடுத்தார்கள் என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. இருவரும் இருபது வயதைத் தொடாதவர்கள். யாரோ ஒரு கிழவர் போனில் அழுவதைத் தினமும் கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்க அவர்களால் முடியவில்லை.

நம் குடியிருப்புகளிலும் பிள்ளைகள் பட்டப்படிப்பை முடித்து, ஆங்கிலம் பேசக் கற்று, முதல் வேலையாகக் கால் சென்டரைத் தேடுகிறார்கள். பெரும்பாலானவை நேர்மையான நிறுவனங்கள். ஆனால் நியமனக் கடிதம் தராமல், சம்பளத்தைக் கையில் கொடுத்து, 'உன் பெயரை மாற்றிச் சொல், வேறு கம்பெனிப் பெயரைச் சொல்' என்று முதல் நாளே கற்றுக்கொடுக்கும் இடம் எதுவானாலும், அங்கிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் அதே பகுதியிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. அடி உதைக்குப் பயந்து அடுத்தவரை ஏமாற்றியவர்களும் அந்தக் கூடாரங்களில் உண்டு.

அழைப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்?

மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று தெரிந்தவர்களிடமெல்லாம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். நம்மவர்கள் நான்கு விதமாக நடந்துகொள்கிறார்கள்.

முதல் வகையினர் கோபப்படுகிறார்கள். கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்க்கிறார்கள். அடுத்த முனையில் இருப்பவனுக்கு அது ஒரு நாளில் நாற்பதாவது திட்டு. நமக்கு இரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

இரண்டாம் வகையினர், குறிப்பாக இளைஞர்கள், விளையாட்டுக் காட்டுகிறார்கள். ஏமாறுவதுபோல் நடித்து, அவன் நேரத்தை வீணாக்கி, அதைப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் இதையே முழுநேர வேலையாகச் செய்யும் யூடியூபர்கள் இருக்கிறார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் 'ஜிம் பிரவுனிங்' என்ற புனைபெயரில் இயங்குகிறவர். குருகிராம் கால் சென்டர் ஒன்றின் கேமராக்களுக்குள்ளேயே புகுந்து அவர் எடுத்த காட்சிகளை 2020ல் பிபிசி ஒளிபரப்பியது. அப்படிப்பட்டவர் 2021 ஜூலையில் என்ன ஆனார் தெரியுமா? யூடியூப் சப்போர்ட்டிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனை நம்பி, தன் சேனலைத் தானே அழித்துவிட்டார். பிறகு மீட்டார். யார் வேண்டுமானாலும் ஏமாறலாம் என்பதைக் காட்ட அவரே அதை வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் இந்த வித்தையைத் தோலுரித்தவரே வழுக்கிய இடத்தில், நம் வீட்டுப் பிள்ளை காலை ஊன்றி விளையாட வேண்டாம். அரைமணி நேரம் பேசினால் நம் குரல், பேங்க், வீட்டில் யார் யார் என்று ஏதாவது ஒன்று நழுவும். இந்த எண்ணில் ஆள் பேசுகிறது என்பதும் உறுதியாகிவிடும்.

மூன்றாம் வகையினர் பயந்து பணிகிறார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் இப்போது நடப்பது இதன் உச்சம். போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து, 'உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல்' என்று மிரட்டி, நாள்கணக்கில் வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துக் காசைக் கறக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்றே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரே இதைப் பற்றிப் பேசி, நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு நடவடிக்கை எடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் ஒப்படைத்தது. தெற்கு மும்பையில் 86 வயதுப் பெண்மணி ஒருவர் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 2025 மார்ச் வரை இப்படி மிரட்டப்பட்டு 20 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார். வீட்டு வேலை செய்யும் பெண் அவருடைய நடத்தையில் மாற்றத்தைக் கவனித்து மகளிடம் சொன்னதாகச் செய்திகள் வந்தன. இரண்டு மாதமும் அவர் தனியாகவே அந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறார்.

நான்காம் வகை, என் பெரியப்பா வகை. பணம் போனபிறகு வாயை மூடிக்கொள்கிறவர்கள். எனக்குத் தெரிந்து இவர்கள்தான் அதிகம், நடுவயதுக்காரர்களும் இதில் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2021ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட இந்தியர்களில் 69 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் ஏதாவது ஒரு டெக் சப்போர்ட் மோசடி முயற்சியைச் சந்தித்திருந்தார்கள். 31 சதவீதம் பேர் பணத்தை இழந்தே இருந்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். அப்படியானால் நம் பில்டிங்கில், நம் கோயில் கமிட்டியில், நம் ஆபீஸில் எத்தனை பேர் இருப்பார்கள்? நம்மிடம் அதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

மோசடிக்காரன் 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று கேட்டுக்கொள்வது பணம் பறிக்கும் வரைதான். பறித்த பிறகு அந்த வேலையை நம் குடும்ப மானம் செய்துவிடுகிறது. 'படிச்சவன் போய் ஏமாந்தானே', 'இவ்ளோ நாள் பம்பாயில இருந்து என்ன புண்ணியம்' என்று நாம் ஏமாந்தவரைக் கேலி செய்யும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் நின்று கேட்கும் இன்னொருவர் தன் கதையைச் சொல்லாமல் விழுங்குகிறார்.

சொன்னால் என்ன கிடைக்கும்?

சொன்னால் பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண் அதற்குத்தான் இருக்கிறது.

உங்கள் கணக்கிலிருந்து போன பணம் நேராக மோசடிக்காரன் கைக்குப் போவதில்லை. முதலில் கூலிக்கு வாங்கிய யாரோ ஒருவரின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து நாலைந்து கணக்குகளாகப் பிரியும். பிறகு ஏடிஎம்மில் எடுக்கப்படும், அல்லது வேறு வழியில் மறையும். 1930க்குச் சொன்னதும் உங்கள் புகார், வங்கிகளும் வாலட் நிறுவனங்களும் இணைக்கப்பட்ட மத்திய உள்துறையின் அமைப்பில் ஏறுகிறது. பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கி அந்தத் தொகையை முடக்குகிறது. எடுக்கப்படுவதற்கு முன் முடக்கினால், உங்களுக்குத் திரும்ப வர வழி உண்டு. 2021ல் இந்த அமைப்பு தொடங்கியது. 2025 நடுப்பகுதி வரை 17.82 லட்சம் புகார்களில் 5,489 கோடி ரூபாய்க்கு மேல் இப்படிக் காப்பாற்றப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே சமயம் 2024 ஒரே ஆண்டில் சைபர் மோசடியில் போனது 22,845 கோடி ரூபாய். காப்பாற்றியது குறைவு, போனது அதிகம். தாமதமாகச் சொல்வது இந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம்.

வங்கியிடமும் உடனே சொல்ல வேண்டும். 2017 ஜூலை 6ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாகப் பிரிக்கிறது. உங்கள் தவறு எதுவும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் இழப்பு உங்களுடையதல்ல. ரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு. ஆனால் தெரிவித்த பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணிக்கும் விலை உண்டு என்பது இதிலிருந்தே புரியும்.

பணம் போய்விட்டதா? இந்த வரிசையில் செய்யுங்கள்

1. போனில் இன்டர்நெட்டை நிறுத்துங்கள். அவன் போடச் சொன்ன ஆப்பை நீக்குங்கள்.

2. வேறு போனிலிருந்து 1930ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

3. வங்கியை அழைத்துக் கணக்கு, கார்டு, யூபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ பாருங்கள்.

4. குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

5. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இதைக் கடைசியில் எழுதியிருக்கிறேனே தவிர, முதலில் செய்தாலும் சரிதான். மராத்தியோ இந்தியோ சரளமாக வராத நம் பெரியவர்களுக்கு, 1930ல் பேசுவதற்கே பக்கத்தில் ஒரு பிள்ளை வேண்டும்.

பணம் போகும் முன்னால் நினைவில் வைக்கச் சிலவும் உண்டு. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். வங்கிகளின் இணைய முகவரி இப்போது 'பேங்க் டாட் இன்' என்று முடிகிறது. வங்கிகள் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தெரியாத பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து 'பேங்க் மேனேஜர்' பேசினால், பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும். அவசரப்படுத்துகிறவன் எவனும் நம் நன்மைக்காக அவசரப்படுத்துவதில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனேன். புகாரை எழுதிக்கொண்டவர் பொறுமையாகக் கேட்டார். பணம் அன்றே நான்கு கணக்குகள் மாறி எடுக்கப்பட்டிருந்தது. முதல் நாளே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். இன்று வரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. பெரியம்மாவின் ஆபரேஷனுக்குப் பிள்ளைகள் சேர்ந்து கட்டினோம்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திண்ணையில் பெரியப்பா தன் கதையைத் தானாகவே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தனக்கும் கேஸ் சிலிண்டர் பேரில் 18,000 போனதைச் சொன்னார். இன்னொருவர் மின்கட்டணப் பெயரில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டி "இது நிசமா, பொய்யா?" என்று கேட்டார். அது பொய். அந்த லிங்க்கை அவர் இன்னும் அழுத்தியிருக்கவில்லை.

சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் கோயில்களும் சங்கங்களும் பள்ளிகளும் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்குக் கூடுகிறோம், விநாயகர் சதுர்த்திக்குக் கூடுகிறோம். அந்த மேடைகளில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஏமாந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் தமிழில் பெரிதாக 1930 என்று எழுதி வையுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வாரம் ஒருமுறை தாத்தா பாட்டியின் போனை வாங்கி, அதில் தேவையில்லாத ஆப் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். பார்க்கும்போது திட்டாதீர்கள். ஒருமுறை திட்டிவிட்டால் அடுத்த முறை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இன்று ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் முதலில் "பரவாயில்லை" என்று சொல்லுங்கள். பிறகு 1930ஐ அழையுங்கள்.